மச்சான் தின்ற மூன்று இட்லி

ஜூன் 2, திங்கள்

இதெல்லாம் இப்படித்தான் வந்து நிற்கும் என்று நான் பங்குனி மாதமே சொல்லிவிட்டேன். யாரும் காதில் வாங்கவில்லை. வேட்டி இடுப்பில் நிற்காமல் மச்சான் பெல்ட் போட ஆரம்பித்த அன்றே, "இது ஆஸ்பத்திரியில போய்த்தான் நிக்கும்" என்று டீக்கடையில் நாற்பது பேர் முன்னால் அறிவித்தவன் நான். இன்றைக்கு டாக்டர் இளமாறன் அதையேதான் சொன்னார். கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர், நஞ்சப்பன். வயது எழுபத்து நாலு. மில்லில் மேஸ்திரியாக இருந்தவர். அக்கா போய் நாலு வருஷம். மகள் சுகந்தி மஸ்கட்டில் இருக்கிறாள். போன வருஷம் அவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்ததும் நானே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, கணபதி பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். நான் ஒண்டிக்கட்டை. வீடும் சும்மாதானே கிடக்கிறது.

விஷயம் இதுதான். மூத்திரப் பையின் வாசலில் ப்ராஸ்டேட் என்று ஒன்று இருக்கிறதாம். அது வீங்கி வழியை அடைக்கிறது. டாக்டர் எலுமிச்சை அளவு என்றார். சுகந்தியிடம் போனில் நான் சாத்துக்குடி என்றேன். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் பெரிதாகச் சொன்னால்தான் கண்ணுக்குத் தெரியும்.

"லேசர்ல பண்ணிரலாங்க" என்று டாக்டர் சொன்னதும் நான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். பதினோரு வருஷம் லேசர் கட்டிங் பட்டறையில் இருந்தவனிடம் லேசரா! வாட்ச்மேன் வேலைதானே என்று சுகந்தி கேலி செய்வாள். இருக்கட்டும். முதலாளி ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தார், மிஷினைப் பார்த்தது நான்தான்.

"ரெண்டு விதமாப் பண்ணலாம்" என்றார் டாக்டர். "ஒரு லேசர் சதையைச் சுட்டு ஆவியாக்கிரும். இன்னொன்னு ஆரஞ்சுச் சுளையைத் தோல்ல இருந்து உரிக்கிற மாதிரி கழட்டி எடுத்துரும். ரெண்டுலயும் ரத்தப்போக்கு கம்மி. இவர் ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாரு, அதனால லேசர்தான் நல்லது."

நான் கேட்டேன்: "டாக்டர், எங்க பட்டறைல எரிச்சா புகைதானுங்க மிஞ்சும். வெட்டுனா துண்டு கீழ விழும். அந்தத் துண்டு உங்களுக்கு வேணுமுங்களா, வேண்டாமுங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இது சத்தியம்.

"நல்ல கேள்விங்க. ரத்தப் பரிசோதனைல ஒரு அளவு லேசா கூட இருக்கு. துண்டு கையில கெடைச்சா லேபுக்கு அனுப்பி, கேன்சர் எதும் இல்லைன்னு பாத்துரலாம். கழட்டி எடுக்கிறதையே பண்ணலாம்."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பட்டறையில் இன்னும் பதினோரு வருஷம் நிற்கலாம்.

ஆனால் டாக்டர் முடிக்கவில்லை. "அதுக்கு நேரம் அதிகம் ஆகும். மூணு மாசத்துல ஆறு கிலோ எறங்கியிருக்காரு. நாப்பத்தாறு கிலோ ஒடம்பை வெச்சுட்டு நான் கத்தியும் எடுக்கமாட்டேன், லேசரும் எடுக்கமாட்டேன். காயம் ஆறாது. மொதல்ல சத்து ஏறட்டும். வீட்டுக்கு நர்ஸ் வருவாங்க."

ஜூன் 4, புதன்

ஜெசிந்தா சிஸ்டர் வந்தார். சின்ன உருவம், பெரிய பை. மச்சானைத் தராசில் நிற்க வைத்தார். நாற்பத்தாறு. டேப்பால் மேல்கையை அளந்தார், பிறகு உட்கார வைத்துக் கெண்டைக்காலை அளந்தார். பேண்ட் தைக்கவா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

"வயசானவங்களுக்கு எடையை விட கெண்டைக்கால்தான் உண்மை பேசும் ஐயா. இருபத்தெட்டு சென்டிமீட்டர். முப்பதுக்கு மேலயாவது இருக்கணும்."

பிறகு மச்சானிடம் கேள்விகள். பசி எப்படி, பல்லால் கடிக்க முடிகிறதா, மனசு எப்படி, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டார். முப்பதுக்குப் பத்து வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் வாங்கியதைவிட அதிகம்தான், ஆனால் இங்கே பெயில்.

"ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"

மச்சான் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். நானே பதில் சொன்னேன். "மூணு இட்லிங்க சிஸ்டர். சட்னி ரெண்டு வகை."

ஒரு தாள் கொடுத்தார். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டது. "உள்ளதை உள்ளபடி எழுதுங்க ஐயா. கம்மியா இருந்தாலும் பரவாயில்லை."

"சிஸ்டர், எங்க வீட்ல கம்மிங்கற பேச்சே கெடையாது" என்றேன்.

பின்னே என்ன? அக்கா புருஷன் என் வீட்டில் வெறும் வயிற்றோடு படுக்கிறார் என்று நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா?

ஜூன் 5, வியாழன்

இரவு: இட்லி மூன்று. தாளில் ஏற்றிவிட்டேன். தட்டைக் கழுவும்போது வாசலில் வாலாட்டிக்கொண்டு மேனேஜர் நின்றது. மேனேஜர் என்பது தெருநாய். பகல் முழுக்கத் தூங்குவதால் நான் வைத்த பெயர்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் போர்வை இரண்டு, வேட்டி ஒன்று துவைத்தேன். இது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. கை வேகம் அப்படி. மச்சானுக்கு ராத்திரியில் ஐந்தாறு தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, சில சமயம் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் ஆகிவிடும். அதற்கு யார் என்ன செய்ய முடியும்?

மாசி மாதத்தில் ஒரு நாள் கொடியில் போர்வையைப் போட்டபடி பக்கத்து வீட்டுத் தங்கமணியிடம், "இன்னிக்கும் ஆழியாறு அணையைத் தொறந்துட்டாங்க அம்மிணி, என்ற இடுப்பே போச்சு" என்றேன். தெருவே சிரித்தது. மச்சானும் ஜன்னலுக்கு உள்ளே இருந்து கேட்டிருப்பார், சிரித்திருப்பார். என் பேச்சுக்குச் சிரிக்காதவர் உண்டா?

ஜூன் 8, ஞாயிறு

இரவு: இட்லி மூன்று, முட்டை ஒன்று.

சாப்பிடும்போது நடந்த பேச்சு. சும்மா எழுதி வைக்கிறேன்.

"மச்சான், ஒரே ஒண்ணு வெச்சுக்குங்க."

"வேண்டான்டா ஆறுக்குட்டி. மத்தியானம் தின்னதே நெஞ்சுல நிக்குது."

"மத்தியானம் ஒரு கரண்டிதானுங்க தின்னீங்க."

"உனக்கு எண்ணத் தெரியாது. எடுத்து மூடி வை."

"தண்ணியாவது குடிங்க."

"அதுதான் வேண்டாங்கறேன்."

பிறகு சாப்பிட்டார். சாப்பிட்டிருப்பார். தாளில் எழுதிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

சிஸ்டர் வந்தார். நாற்பத்தைந்தரை. தாளை மேலும் கீழும் பார்த்தார். "இவ்வளவா சாப்பிடறாரு?" என்றார். "எங்க வம்சமே நல்லாச் சாப்பிடுமுங்க" என்றேன். மச்சான் எங்கள் வம்சம் இல்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

தினம் ஒரு முட்டை கூட, வேர்க்கடலை உருண்டை, ராகிக் கஞ்சியில் பால் என்று எழுதிக் கொடுத்தார். எல்லாவற்றையும் செய்கிறேன். சமையலில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. ராத்திரிதான்.

ராத்திரிதான் என்று ஏன் எழுதினேன்? ராத்திரியும் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 14, சனி

மேனேஜருக்குத் தொப்பை வைத்திருக்கிறது. தங்கமணி, "சினையா மாமா?" என்று கேட்டாள். ஆண் நாய்.

ஜூன் 18, புதன்

நாற்பத்து நாலே முக்கால். கெண்டைக்கால் இருபத்தேழு.

சிஸ்டர் தராசைத் திருப்பிப் பார்த்தார். தானே ஏறி நின்று சரிபார்த்தார். பிறகு குழப்பமான முகத்தோடு என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

"ஐயா, இந்தத் தாள்படி பார்த்தா ஒரு நாளைக்கு ரெண்டாயிரத்து இருநூறு கலோரி போகுது. அவர் உயரத்துக்கு இது தாராளம். இவ்வளவு சாப்பிட்டும் எடை எறங்குதுன்னா, உள்ள வேற எதோ இருக்கு. நான் டாக்டர்கிட்ட சொல்லியாகணும்."

"வேற எதோன்னா?"

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்தத் தாளைத் திரும்பக் கேட்க வேண்டும்போல் இருந்தது. கை நீளவில்லை. பால் பொங்கிவிட்டது, அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

டாக்டர் பார்த்தார். ஆபரேஷன் தேதி இப்போதைக்கு இல்லை. திங்கட்கிழமை உடம்பு முழுக்க ஸ்கேன்.

ஜூன் 21, சனி

சுகந்தி போனில் அழுதாள். "மாமா, அப்பாவுக்குக் கேன்சருங்களா? எங்கிட்ட மறைக்காதீங்க."

"எனக்கு மறைக்கத் தெரியாது கண்ணு" என்றேன்.

"லீவு கேட்டிருக்கேன். குடுக்காட்டி வேலையை விட்டுட்டு வந்துருவேன்."

இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு வாங்கிய வேலை. அவசரப்படாதே என்று மட்டும் சொன்னேன்.

சாயங்காலம் மச்சான் பீரோ சாவியை என் கையில் வைத்தார். "உன்ற அக்கா தாலிக்கொடி மேல்தட்டுல இருக்குது. சுகந்திகிட்ட குடுத்துரு." நான் ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இப்படி எனக்கு ஆனதே இல்லை.

ஜூன் 23, திங்கள்

ஸ்கேன். வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். அது ஒன்றும் மச்சானுக்குப் புதிதில்லை.

(மேலே உள்ள வரியை அடிக்கப் பார்த்தேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது.)

ஜூன் 25, புதன்

இன்று நடந்தது சரித்திரம். விவரமாக எழுத வேண்டும்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை. நான் எழுந்து கும்பிடப் போனேன். ஆனால் டாக்டர் முகம் தெளியவில்லை. ஜெசிந்தா சிஸ்டரும் அங்கே நின்றார். மேசைமேல் என் தாள்கள்.

"ஸ்கேன்ல தெரியாதது குடல்ல இருக்கலாம்" என்றார் டாக்டர். "அட்மிட் பண்ணி, வயித்தைச் சுத்தம் பண்ணி, மேலயும் கீழயும் குழாய் விட்டுப் பாக்கணும். ரத்த மாத்திரையை நிறுத்தணும். நெஞ்சுல ஸ்டென்ட் இருக்கறதால அதுல ஒரு ரிஸ்க் இருக்கு. ஆனா வேற வழி தெரியல. சாப்பாடு இவ்வளவு போயும் ஒடம்புல ஒட்டலையே."

அப்போது நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வெளியே வராந்தாவில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி, "டாக்டர், நிறுத்துங்க!" என்றேன். "அந்தத் தாள்ல ராத்திரிக் கட்டத்துல இருக்கறது அத்தனையும் பொய்யி. மச்சான் ராத்திரில தின்னு நாலு மாசம் ஆச்சு. மத்தியானமும் அரை வயிறுதான். இட்லி பூராவும் நாய்க்குத்தான் போச்சு. எழுதுனவன் நான்தான். என்னை என்ன வேணாப் பண்ணுங்க."

காரணத்தையும் நானே கண்டுபிடித்துச் சொன்னேன். ராத்திரி தின்றால் தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்திருக்க முடியாவிட்டால் போர்வை. அந்தப் போர்வையைத் துவைப்பது மைத்துனன். அதற்குப் பயந்துதான் மச்சான் வாயைக் கட்டினார். அடைப்புக்குப் பயந்து பட்டினி. பட்டினியால் அடைப்பை எடுக்க முடியவில்லை.

டாக்டர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்களை மாதிரி ஒருத்தர் வீட்டுக்கு வீடு இருக்கணும்" என்றார்.

பிறகு பத்தே நிமிஷம். "இதை மொதல்லயே சொல்லியிருந்தா ஸ்கேனே வேண்டியதில்லையே" என்றார். மூத்திரம் இறங்க ஒரு குழாய், காலோடு கட்டிக்கொள்ளும் பை. ஆபரேஷன் வரைக்கும் அதுவே இருக்கும். ராத்திரி எழுந்திருக்க வேண்டாம், போர்வை நனையாது, பயமில்லாமல் தின்னலாம், குடிக்கலாம். குடலுக்குக் குழாய் வேண்டாம், அட்மிஷன் வேண்டாம்.

மூணு வாரமாக என் தாள் குறுக்கே நின்று மறித்த வழி இதுதான்.

ஜூன் 26, வியாழன்

சிஸ்டர் வந்து பையை எப்படிக் காலி செய்வது, குழாயை எப்படிச் சுத்தமாக வைப்பது என்று காட்டினார். மச்சானை ஒரு பிடி பிடித்தார். "உங்களை நம்பிச் சமைச்சுப் போட்டவரை ஏமாத்தலாமா தாத்தா?" மச்சான் தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தானுங்க" என்றார். திட்ட வேண்டியவனை விட்டுவிட்டு இவரை ஏன் திட்டினார் என்று எனக்குப் புரியவில்லை. நான் டீ போடப் போய்விட்டேன்.

இரவு: தோசை ஒன்று. முழுசாக ஒன்று. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னடா வேடிக்கை? போய் உக்காரு" என்றார் மச்சான். "நீயும் தின்னு. உன்ற மூஞ்சியும் வத்தித்தான் கெடக்குது."

ஜூலை 2, புதன்

நாற்பத்தைந்தே கால். தாளில் இப்போது கால் தோசை மிச்சம் வைத்தால் அதையும் எழுதுகிறேன். "இப்பத்தான் ஐயா இது தாளு மாதிரி இருக்கு" என்றார் சிஸ்டர்.

ஜூலை 5, சனி

துவைக்கப் போர்வை இல்லை. விடிந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் தங்கமணி வீட்டு வாசலையும் சேர்த்துக் கூட்டினேன்.

மச்சான் பையைக் காலில் கட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்தார். அது வெளியே தெரியாமல் இருக்க வேட்டியை எப்படிக் கட்டுவது என்று நான் ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இதைப் பாடமாகவே வைக்கலாம்.

ஜூலை 16, புதன்

நாற்பத்தேழே கால். கெண்டைக்கால் இருபத்தெட்டரை. சிஸ்டர் முதன்முறையாகச் சிரித்தார், முன்பல் ஒன்று லேசாக ஏறியிருக்கிறது. டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். "ஐம்பது வரும்னு காத்திருக்க வேண்டாம், ஏறுற ஒடம்புதான் முக்கியம்" என்றாராம்.

ஜூலை 22, செவ்வாய்

ஆபரேஷன். உள்ளே இரண்டு மணி நேரம். சுகந்தி நேற்றே வந்துவிட்டாள், நல்லபடியாக லீவு கிடைத்து. வராந்தாவில் எல்லோருக்கும் லேசர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினேன். ஒரு பெரியவர், "நீங்க டாக்டருங்களா?" என்றார். இல்லை என்று சொல்ல வாய் வருவதற்குள் அவர் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சது. முழுசாக் கழட்டிட்டோம். உங்க துண்டு லேபுக்குப் போகுது" என்றார், என்னைப் பார்த்து. உங்க துண்டு என்றார்.

ஜூலை 25, வெள்ளி

குழாயை எடுத்தார்கள். மச்சான் தானாகவே மூத்திரம் போனார். வெளியே வந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

லேப் முடிவு வந்துவிட்டது. கேன்சர் இல்லை. சாதாரண வீக்கம்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சுகந்தி நாளைக்கு மஸ்கட்டுக்குத் திரும்பிப் போகிறாள். இன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தோம். தங்கமணியும் இருந்தாள். நான் ஜூன் இருபத்தைந்தாம் தேதிக் கதையைச் சொன்னேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ. நாற்காலி விழுந்தது, வராந்தா நிசப்தமானது, டாக்டர் கை குலுக்கியது, எல்லாம்.

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏம்பா, மாமா அப்படியா எந்திரிச்சு நின்னு சொன்னாங்க?"

மச்சான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "ஆமா கண்ணு. மாமன்தான் சொன்னான். இவன் இல்லாட்டி நான் போய்ச் சேர்ந்திருப்பேன்."

நான் எழுந்து வந்துவிட்டேன். இந்த நோட்டில் நிறைய கூட்டியிருக்கிறேன். டீக்கடையில் நாற்பது பேர் இல்லை, மூன்று பேர். டாக்டர் கை குலுக்கவில்லை. அதெல்லாம் உப்புக்காரம். ஒன்று மட்டும் அப்படி இல்லை.

அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. குடலுக்குள் குழாய், ரத்த மாத்திரையை நிறுத்துவது என்று டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். என் தாள்கள் அவர் கைக்குக் கீழே இருந்தன. பேசினது மச்சான். ராத்திரி சாப்பாட்டைப் பற்றியும், போர்வையைப் பற்றியும், ஒரு நர்ஸ் பொண்ணு நிற்கிற அறையில் அவரே சொன்னார். ஆழியாறு என்று நான் சிரிக்கப் பேசிய நாளிலிருந்துதான் ராத்திரி சாப்பிடவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை நான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

"அப்ப இந்தத் தாள்?" என்று டாக்டர் கேட்டார்.

"அவன் மூணு இட்லி வெச்சுட்டுப் போவானுங்க. அவன் அந்தப் பக்கம் திரும்புனதும் நான்தான் நாய்க்குப் போட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் வெச்சதை எழுதுனான்" என்றார் மச்சான். டாக்டர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார்.

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.